ஆலாத்திட்டில் உப்பு விளைந்த நாள்

மரக்காணத்து உப்பளத்தில் மழை பெய்தால் சிரிக்கக் கூடாது. ஊரெல்லாம் மழை கேட்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால், உப்பளத்துக்காரன் மட்டும் அம்மனைத் தனியாகப் பார்த்து, கொஞ்சம் பொறுத்துப் பெய் தாயே என்று கேட்டுவிட்டு வருவான். விளைந்த உப்பு ஒரு மழைக்குத் தாங்காது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்று எவனோ அனுபவப்பட்டவன்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும்போது, யாரும் எதிர்பாராமல் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் தொழிலாளிகள் எல்லாரும் வரப்பில் வரிசையாக நின்று பாத்திகளைப் பார்த்தார்கள். முந்தின நாள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்த உப்பு கரைந்து, பாத்திக்குப் பாத்தி கலங்கல் தண்ணீர் நின்றது. சாமுண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் பதினேழு வருஷத்துப் பழையது. சாமுண்டீஸ்வரி கடற்கரைப் பெண் இல்லை. கிளியனூர் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். அவள் கல்யாணத்தன்று நல்ல மழை. சின்ன வயசில் பச்சரிசியைத் தின்றிருப்பாள், அதனால்தான் பந்தலில் மழை என்று பெண் வீட்டார் சந்தோஷமாகக் கேலி செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்திலோ ஈயாடவில்லை. சீர்வரிசையில் குறையோ என்று அவளுடைய அப்பா பதறிப்போய் விசாரித்தார். ஒன்றுமில்லை, அங்கே பாத்தியில் உப்பு நிற்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணமான சூட்டில் மாப்பிள்ளை காசிலிங்கம் அவளை உப்பளத்தைக் காட்டக் கூட்டிப்போனான். மனைவிக்குக் காட்ட அவனிடம் வேறு என்ன இருந்தது? வரப்பில் நின்று பார்த்தால் கிழக்கே கழிவெளி என்கிற உப்பங்கழித் தண்ணீர், அதற்கு அப்பால் ஒரு மணல் தீவு, நாலைந்து பனைமரம், சவுக்குக் கூட்டம், தீவைத் தாண்டிக் கடல். ஆலாக் குருவிகள் வந்து அடைவதால் அதற்கு ஆலாத்திட்டு என்று பெயர். ஒருநாள் உன்னை அங்கே கூட்டிப்போகிறேன், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நாம் இரண்டு பேரும் அங்கேயே இருக்கலாம் என்று காசிலிங்கம் சொன்னான். புதுப் பெண்டாட்டியிடம் ஆண்கள் சொல்வது எல்லாம் எழுதி வைக்கத் தகுந்ததல்ல. ஆனால் சாமுண்டீஸ்வரி மறக்கிற பிறவி அல்ல.

அப்புறம் இலக்கியா பிறந்தாள், தேவா பிறந்தான். ஆலாத்திட்டு அப்படியே கண்ணெதிரே நின்றது. வெயில் காலத்தில் கேட்டால், வெயில் நல்லாக் காயுது, இப்போதா பாத்தியை விட்டுவிட்டு வருவது என்பான். மழைக்காலத்தில் கேட்டால், கழிவெளியில் வெள்ளம் போகிறது, எவன் படகு விடுவான் என்பான். ஒருமுறை அவளே அடம்பிடித்து வரும் காணும் பொங்கலுக்கு என்று நாளே குறித்துவிட்டாள். அந்த மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், பொழுதுபோக்கக் கடல் பக்கம் போகலாம் என்று யாருக்கும் வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

காசிலிங்கம் குடிக்கிறவன் இல்லை, சீட்டாடுகிறவன் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பித்து அந்தப் பாத்திதான். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன், போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான். மாமியார் இல்லாத வீடு, நாத்தனார் இல்லாத வீடு என்று பொறாமைப்பட்டவர்களிடம் சாமுண்டீஸ்வரி சொல்வாள், எனக்குச் சக்களத்தி இருக்கிறாள், ஏக்கர் கணக்கில் படுத்துக்கிடக்கிறாள் என்று. இத்தனைக்கும் அவளும் அதே பாத்தியில் உப்புச் சுமக்கிறவள்தான். வேலை நேரத்தில் அவளுக்கும் பாத்திக்கும் ஒரு பகையும் கிடையாது. வேலை முடிந்த பிறகும் அவனை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறதே என்பதுதான் அவள் ஆத்திரம்.

இப்போது மழை பெய்து சக்களத்தி மூழ்கிக் கிடந்தாள். கரைந்த தண்ணீரை வடித்துவிட்டுத் தரை காய வேண்டும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்று உப்பள முதலாளி தெய்வசிகாமணி சொல்லிவிட்டுப் போனார். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சாமுண்டீஸ்வரி வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை ஆலாத்திட்டு என்று பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டுத்தான் புருஷனிடம் சொன்னாள். பிள்ளைகள் போட்ட கூச்சலுக்குப் பிறகு அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டான்.

"மத்தியானம் குப்பத்து அப்பாதுரையோட போட்டு வலை இழுக்க அந்தப் பக்கமா வரும்ல, அதுல நான் திரும்பிடறேன். தரை எப்பிடி காயுதுன்னு ஒரு பார்வை பாத்துடணும். நீங்க சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வாங்க."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் வராதன்னு மொதலாளியே சொல்லிட்டாரு. உங்களுக்கு இன்னா அங்க?"

"அவரு சொல்லுவாரு."

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள். அரை நாள் என்பது அவளுக்குக் கிடைத்த வாக்கு அல்ல. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்றுதான் அவன் சொன்னான். அந்த மத்தியானப் படகில் அவனை ஏறவிடக் கூடாது, இந்த ஒரே ஒரு நாளைச் சக்களத்திக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஒரே அமர்க்களம். கடைக்குப் போய் மிளகாய்த் தூள், முறுக்கு, தேவா கேட்ட ரப்பர் பந்து எல்லாம் வாங்கி வந்தாள். பக்கத்துத் தோப்பில் கல் போல் இருந்த மாங்காய்கள் கிடைத்தன. ஞாயிறு விடிவதற்குள் புளிசாதம் கிளறிவிட்டாள். வாய்விட்டு ஒவ்வொரு சாமானாகச் சொல்லிச் சொல்லிக் கூடைப்பையில் அடுக்கினாள். இலக்கியாவுக்குத் தலை பின்னிவிட அவள் போன நேரத்தில் காசிலிங்கம் பையின் வாயைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் கொண்டு வந்து வைத்தான். அவனாக ஒரு வேலை செய்தானே என்று அவளுக்கு அதுவே பெருமையாக இருந்தது.

அப்பாதுரை குப்பத்து மீனவன். பழைய கட்டுமரத்தைக் கடல் கொண்டுபோன பிறகு நிவாரணத்தில் வந்த ஃபைபர் படகு ஒன்று வைத்திருந்தான், ஊர் வாயில் அது போட்டு. அதில் ஏறும்போது தேவா அம்மாவின் கையை நசுக்கிப் பிடித்தான். போட்டு கிளம்பிச் சவுக்குக் கழிகள் நட்ட இடத்தைத் தாண்டியதும், ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்த பூநாரைக் கூட்டம் ஒரேயடியாக எழும்பியது. மேலே பார்த்தால் ஆகாயம் முழுக்க இளஞ்சிவப்பு. தேவா கையை விட்டுவிட்டு எழுந்து நின்று கத்த ஆரம்பித்தான். இலக்கியா பத்தாவது பரீட்சை எழுதிய பெரிய பெண் என்பதை மறந்து அவனோடு சேர்ந்து கத்தினாள். காசிலிங்கம் மட்டும் போட்டின் பின்புறம் பார்த்து உட்கார்ந்து, விலகிப் போகும் உப்பளத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தான். உப்பளத்துக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்ல அவளுக்கு வாய் துறுதுறுத்தது.

ஆலாத்திட்டில் கால் வைத்ததும் சாமுண்டீஸ்வரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தூரத்தில் கோடு போல் தெரிந்தது இப்போது காலடியில் சுடுகிறது, மணக்கிறது, நண்டு ஓடுகிறது. ஒரு பக்கம் அலை அடிக்கும் கடல். மறுபக்கம் அசையாத கழிவெளி. சவுக்கு நிழலில் பையை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தீவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டப்பந்தயம் ஓடினாள். ஜெயித்தவள் அவள்தான். தினமும் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கிற கால்களுக்குச் சும்மா ஓடுவது ஒரு வேலையா?

பிறகு அவள் செய்த காரியத்தைப் பிள்ளைகள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கழிவெளிப் பக்கம் இடுப்பளவு தண்ணீருக்குப் போனவள், அப்படியே முன்னால் சாய்ந்து நீந்த ஆரம்பித்துவிட்டாள். கிளியனூர்க் கிணறுகளில் படிக்கட்டிலிருந்து குதித்துக் குதித்துக் கற்ற நீச்சல் அது. உப்பளத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது, நீந்துவதற்கு எங்கே போவாள்? அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்ற காசிலிங்கம் வாயைப் பிளந்து பார்த்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"இதெல்லாம் எப்படி கத்துக்கின?"

"நீங்க கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றாள், தண்ணீரில் மல்லாந்தபடியே.

தேவா தண்ணீருக்குள் வரமாட்டேன் என்று கரையிலேயே நின்றிருந்தான். அம்மா மிதப்பதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வந்தவன், கடைசியில் அவள் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுத்தான். அதற்குப் பிறகு எல்லாம் அமளிதான். பந்து விளையாடினார்கள். சேற்றில் கை விட்டு நண்டு பிடித்தார்கள். ஒரு நண்டு காசிலிங்கத்தின் கட்டை விரலைக் கவ்விக்கொள்ள, அவன் ஒற்றைக் காலில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து இலக்கியா மணலில் உருண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். இந்த மனுஷனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்று சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. சுள்ளி பொறுக்கி மூட்டிய தீயில் நண்டு சிவந்துகொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி மாங்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, மிளகாய்த் தூளை எடுத்து வைத்து, அடுத்து கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. உப்பு!

எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி எடுத்து வைத்தவள் உப்பைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அந்த வீட்டில் உப்பு கடையில் வாங்குகிற சாமான் அல்ல. அடுப்புப் பக்கத்துப் பானையில் காற்றைப் போல் எப்போதும் இருக்கும். கை தானாகப் போகும், தானாக அள்ளும். வாங்கிய சாமான் மட்டும்தான் அவள் நினைவுக்கு வந்திருந்தது. உப்பளத்துக்காரி உப்பு மறந்துட்டா என்று இலக்கியா தீவு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பாடப் புத்தகத்தில் படித்ததை வேறு எடுத்துவிட்டாள். தேவா மட்டும் சிரிக்கவில்லை. உப்பில்லாமல் மாங்காய் தின்ன மாட்டேன் என்று அழ ஆயத்தமானான்.

அந்த நேரம் பார்த்து போட்டுச் சத்தம் கேட்டது. வலையை இழுத்துவிட்டு அப்பாதுரை வந்துகொண்டிருந்தான். அதுவரை தீவின் அந்தக் கோடியில் நின்று உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காசிலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். உப்பு இருந்தால் கொஞ்சம் கொடு தம்பி என்று சாமுண்டீஸ்வரி கேட்டதும் அப்பாதுரைக்கு ஏகப்பட்ட சிரிப்பு. கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டுவரச் சொல்றியே அண்ணி, என்கிட்ட ஏது உப்பு என்றான்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உப்பும் இல்லை, புருஷனும் போகப் போகிறான். எதற்கும் இன்னொரு தரம் பார்ப்போம் என்று பையின் அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். புளிசாதத் தூக்குக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் பை, உள்ளே கரகரவென்று கல்லுப்பு, வாயில் முடிச்சு.

பழகிய கை தன்னை அறியாமலே எடுத்து வைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். உப்பு இருக்குது என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். காசிலிங்கம் ஒரு கையைப் போட்டின் விளிம்பில் வைத்து நின்றிருந்தான். தேவா அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு உப்பு வேணும் என்று சிணுங்கினான். சாமுண்டீஸ்வரி முடிச்சை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

"அடி வரைக்கும் பாத்துட்டேன். உப்பு இல்லவே இல்ல" என்றாள்.

சொன்ன பிறகு பொய் முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது. காசிலிங்கம் அவளையே பார்த்தான். என்னவோ சொல்லப் போகிறவன் போல் வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். திரும்பித் தூரத்தில் வெயிலில் மின்னுகிற உப்பளத்தைப் பார்த்தான். பிறகு பையனைப் பார்த்தான்.

"உப்புதானடா. வெளைய வச்சிட்டா போச்சு" என்றவன் சட்டையைக் கழற்றினான். "அப்பாதுரை, நீ போ. சாயங்காலம் வந்தா போதும்."

சாமுண்டீஸ்வரிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அடுப்பைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணலில் பாத்தி கட்டினால் தண்ணீர் நிற்காது. கழிவெளி ஓரத்துக் களிச்சேற்றை நான்கு பேரும் அள்ளி வந்து கொட்டினார்கள். அதை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உப்பளத்தில் அது முதுகை ஒடிக்கிற வேலை. இங்கே அதே வேலை கும்மியாட்டம் ஆகிவிட்டது. காசிலிங்கம் முன்னால் தாளம் சொல்ல, பின்னால் சாமுண்டீஸ்வரி, அவள் இடுப்பைப் பிடித்து இலக்கியா, வாலாகத் தேவா. மிதித்து மிதித்து முழங்கால் வரைக்கும் சேறு. முறம் அளவு தரை கண்ணாடி போல் ஆனதும் சுற்றிலும் வரப்பு எழுப்பினார்கள். மழைத் தண்ணீர் கலந்த கழிவெளித் தண்ணீர் ஆகாது என்று கடல் பக்கம் ஓடி ஓடி முகந்து வந்து, நகக்கண் ஆழத்துக்கு மட்டும் ஊற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சட்டி மூடியை மல்லாத்திச் சுடுமணலில் வைத்து அதிலும் கொஞ்சம் ஊற்றினாள் சாமுண்டீஸ்வரி. சின்னப் பாத்தி உன்னோடதா என்று காசிலிங்கம் கேலி செய்தான். யார் பாத்தி முதலில் விளைகிறது என்று பந்தயமே வந்துவிட்டது.

நண்டை உப்பில்லாமலே தின்றார்கள். பசிக்கு அது தேவாமிர்தமாகத்தான் இருந்தது. மாங்காய் மட்டும் இலையில் மூடிக் காத்திருந்தது. தேவா காவல். குருவி இறங்கினால் விரட்டினான், மேகத் துண்டு வந்தால் அதையும் திட்டினான். காசிலிங்கம் பனை நிழலில் கால் நீட்டிச் சாய்ந்து, பிறந்ததிலிருந்து சொல்லாத கதையெல்லாம் சொன்னான். கல்யாணத்தன்று மழையைப் பார்த்து முகம் சுருங்கியவன், மணமேடையில் அவள் நிமிர்ந்து மழைக்குச் சிரித்ததைப் பார்த்து, சரி, கரைந்தால் கரையட்டும் என்று நினைத்தானாம். பதினேழு வருஷமாக இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள்.

வெயில் சாயும்போது தேவா போட்ட கூச்சலில் ஆலாக் குருவிகள் எல்லாம் எழும்பின. சட்டி மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. சேற்றுப் பாத்தியின் விளிம்பிலும் வெள்ளை பூத்திருந்தது, ஆனால் வாரும் அளவுக்கு இல்லை. ஜெயித்தவள் மறுபடியும் சாமுண்டீஸ்வரிதான். எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடிகூடத் தேறாது. மிச்சக் கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, நகத்தால் சுரண்டி, மிளகாய்த் தூளோடு கலந்து, மாங்காயில் தொட்டு வாயில் வைத்தார்கள். லேசாகக் கசந்தது. இத்தனை வருஷமாக அவர்கள் வாரிக் குவித்த அம்பாரம் எல்லாம் முதலாளிக்குச் சேர்ந்தது. இது மட்டும் முழுக்க அவர்களுடையது. தேவா மூடியை நக்கியே சுத்தம் செய்தான்.

அப்பாதுரை வந்தபோது சூரியன் உப்பளத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்டின் நடுவில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கண் சொருகினார்கள். சாமுண்டீஸ்வரிக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது. ஆனால் அந்தப் பொய் மட்டும் மீன் முள்ளாகக் குத்தியது. எவ்வளவு நல்ல நாள், அதில் ஒரு கள்ளத்தனம் எதற்கு என்று தோன்றியது. புருஷன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. உப்பு இருந்துச்சு. பையடியில. மத்தியானமே என் கையில பட்டுது. நீங்க போயிடுவீங்களேன்னுதான் இல்லன்னு சொல்லிட்டேன்."

காசிலிங்கம் கோபிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"காலையில நீ எடுத்து வைக்கல. நாந்தான் பானையில அள்ளி முடிஞ்சு அடியில வச்சேன்."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மத்தியானம் அவன் வாயெடுத்து மூடியது நினைவுக்கு வந்தது. உப்பு அங்கே இருப்பது தெரிந்தே நின்றிருக்கிறான். அவள் சொல்வது பொய் என்பது தெரிந்தே சட்டையைக் கழற்றியிருக்கிறான். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள். காலையில் போலவே இப்போதும் அவன் போட்டில் பின்புறம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். உப்பளம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஆலாத்திட்டை.

சாமுண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாயா அண்ணி என்று அப்பாதுரை கேட்டான். இந்த முறை அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.